பட்டைக் கஷாயம்

கொரியாவில் அதற்குத் தேநீர் என்று பெயர். தேயிலை பேருக்குக்கூடக் கிடையாது. நம் கணக்கில் கஷாயம்தான். எல்ம் மரத்தின் காய்ந்த வேர்ப்பட்டையைச் சிறு தீயில், தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுகிறார்கள். "தொண்டைக்கு இதம், வயிற்றுக்கும் நல்லது" என்று ஸியோலில் ஒரு பாட்டியம்மாள் எனக்குத் தந்தார். வெந்தயம் ஊறின தண்ணீரைப் போல ஒரு வழவழப்பு. வாஸ்தவமாகவே இதமாக இருந்தது.

ஆனால் இது மருந்தாக மட்டும் இருந்ததில்லை. 1145-இல் எழுதி முடித்த 'ஸம்குக் ஸாகி' என்ற சரித்திரத்தில், ஓந்தால் என்னும் பரம ஏழையைத் தேடி ராஜகுமாரி வருகிறாள். பசி தாங்காமல் எல்ம் பட்டை உரிக்க மலைக்குப் போயிருக்கிறான் என்கிறாள், கண் தெரியாத தாய். கஷாயத்துக்கா? தின்பதற்கு! 1554-இல் அரசாங்கம் வெளியிட்ட பஞ்சகாலக் கையேட்டிலும் இந்தப் பட்டை வருகிறது. பைன் இலையை இடித்துத் தின்றால் மலம் கட்டும். அதற்காக இதன் சாற்றைக் கலந்துகொள்ளச் சொன்னார்கள்.