கர்நாடகப் போர்க்களங்கள் – 4: தாமல்செருவுக்கு வண்டி வருமா?

1781 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை மைசூரின் ஹைதர் அலியைப் பின்வாங்க வைத்த சோளிங்கர் திடலைச் சென்ற இதழில் பார்த்தோம். அங்கிருந்து திருப்பதிக்கு வந்ததும் ரயில் நிலையம் பக்கமுள்ள டிராவல்ஸ் கடைகளில் விசாரித்தேன். எல்லாரும் நீட்டிய அட்டையில் இருந்தது ஒரே பட்டியல்: திருச்சானூர், காளஹஸ்தி, காணிப்பாக்கம், நேரமிருந்தால் சந்திரகிரி கோட்டை. பழைய போர்கள் நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். "சினிமா ஷூட்டிங்கா சார்?" என்றார் ஒருவர்.

அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் தேர்வெழுதி உரிமம் வாங்கிய வழிகாட்டிகள் 1915 முதலே இருக்கிறார்கள். இங்கே சுற்றுலாவை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வழிகாட்டியோடு சந்திரகிரி போய் மாலைக்குள் திரும்பும் வேன். இன்னொன்று, நாள் வாடகைக்குக் கார், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சித்தூர் டிரைவரோடு. வேனில் வரும் வழிகாட்டியிடம் ஒரு சோதனைக் கேள்வி போட்டேன்: "சந்திரகிரி எப்படி மைசூர்க்காரர்கள் கைக்குப் போனது?" விஜயநகர ராயர்களைப் பற்றி அழகாகப் பேசினார், ராஜ மஹாலைப் புகழ்ந்தார், அதோடு சரி. காரைப் பிடித்தேன்.

அந்தக் கேள்வியில்தான் இந்தப் பக்கத்துச் சண்டைகளின் முடிச்சு இருக்கிறது. சந்திரகிரி யார் கையிலோ, திருப்பதியின் காவலும் அவர் கையில். காவல் என்றால் பக்தி மட்டுமல்ல, மலைக்கோயிலின் வருமானமும்தான். 1758-இல் ஆற்காட்டு நவாபின் தம்பி அப்துல் வஹாப் கான் கோட்டையில் இருந்துகொண்டு அந்தக் காவலை ஏற்றார். 1782-இல் ஹைதர் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை மைசூரிடமே இருந்தது. யாத்திரை போன பாதையும் படை போன பாதையும் இங்கே ஒன்றுதான்.

"தாமல்செருவா? அங்க ஏன் சார், மாங்கா மண்டிதானே இருக்கு?" என்றார் டிரைவர். பாகாலா தாண்டிப் போனோம். மண்டியின் பெயர் பெரியது, சீசனில் லாரிகள் வரிசை கட்டும் ஊர். தர்மாவரம் போகும் ரயில் பாதையும் இந்த வழியாகத்தான் போகிறது. படைகள் தேர்ந்த வழியை ரயில்காரர்களும் தேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

1740 மே 20. மராட்டியத் தலைவர் ரகுஜி போன்ஸ்லே சௌத் என்ற கப்பத்தின் பாக்கியைக் கேட்டு இறங்கி வந்தார். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் தாமல்செருவுக் கணவாயை அடைத்து நின்றார். அவர் மருமகன் சந்தா சாகிப் வரவில்லை. ராணி மீனாட்சியிடமிருந்து பறித்த திருச்சியை விட்டு அசைய அவருக்கு மனமில்லை. பக்கத்து வழியைக் காத்த தளபதி ஒருவர் மராட்டியருக்கு இடம்விட, குதிரைகள் முதுகுப்புறம் வந்தன. தன் மகன் சப்தர் அலிதான் உதவிக்கு வருகிறான் என்று நவாப் நினைத்ததாகச் சொல்வார்கள். நவாபும் இன்னொரு மகனும் அன்றே களத்தில் விழுந்தார்கள். குடும்பத்துப் பெண்கள் புதுச்சேரிக்கு ஓடி பிரெஞ்சு ஆளுநர் துய்மாவிடம் அடைக்கலம் புகுந்தார்கள். மறு வருஷம் திருச்சியும் மராட்டியரிடம் விழுந்தது. சந்தா சாகிப் சதாராவில் சிறையிருந்தார். பிற்பாடு பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நவாப் பட்டத்துக்காக மோதிக்கொண்டதற்கு விதை விழுந்தது இந்தக் கணவாயில் என்பேன். பிளாசிக்குப் பாடப்புத்தகம் தரும் இடத்தில் பாதியாவது தாமல்செருவுக்குத் தரலாம்.

நான் பார்த்தவரை இங்கே ஒரு பலகைகூட இல்லை. டிரைவருக்குக் கதை பிடித்துப்போய், "அந்தப் பக்கத்து வழி எது சார்?" என்று குன்றுகளைச் சுட்டிச் சுட்டிக் கேட்டார். உரிமம் பெற்ற வழிகாட்டி யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

திரும்பும்போது சித்தூர். அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் 1782 டிசம்பர் 7 அன்று ராஜபிளவையால் ஹைதர் இறந்தார். மலபாரிலிருந்து மகன் திப்பு வந்து சேரும்வரை சேதி வெளியே கசியக்கூடாது. உடலைப் பெட்டியில் வைத்து, கஜானா போவதுபோலக் கோலாருக்கு அனுப்பினார்கள்.

அதே காரை மறுநாளைக்கும் பேசிவைத்தேன். 1749-இல் இன்னொரு நவாப், அன்வருதீன், உயிர்விட்ட ஆம்பூருக்கு அடுத்த இதழில் போவோம்.