தறியும் கணினியும்

மருதமுனையில் எங்கள் பின்விறாந்தையில் இன்னும் ஒரு கைத்தறி இருக்கிறது. மூத்தம்மா ஒரு சாறன் நெய்து முடிப்பதற்குள் விசைத்தறி பலவற்றை நெய்துவிடும், விலையும் குறைவு. அதனால் தொழினுட்பம் என்றாலே உம்மாவுக்குக் கோபம். நானோ உயர்தரத்தில் அதைத்தான் படிக்கிறேன்.

1804இல் பிரான்சில் ஜக்கார் அமைத்த தறியில், எந்த இழை உயரவேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகளே தீர்மானித்தன. அந்த அட்டைகளைத்தான் சார்ள்ஸ் பபேஜ் தமது பகுப்பாய்வுப் பொறிக்கும் எண்ணினார். கணினிக்கே தறி வழிகாட்டியிருக்கிறது! இதைக் கேட்டு மூத்தம்மா சிரித்தார்.

"அப்ப அது தறிட புள்ளதானே, நமக்கும் சோறு போடச் சொல்லுகா."

இப்போது கரை வடிவங்களைப் போனில் வரைந்து கொடுக்கிறேன். படம் பார்த்துக் கொழும்பிலிருந்து மூன்று சாரிக்கு ஓடர் வந்தது. உம்மா விலையை இருமுறை கேட்டார். நூல் விலைதான் ஏறியபடி. அதற்கு என் போனில் வழி இல்லை.