சித்தன்னவாசலில் கார் மௌனம் சாதித்தால்...

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர்தான். காரில் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்; வெயில் ஏறினால் ஏழடிப்பட்டத்துப் பாறை காலைப் பொசுக்கிவிடும். அங்கே சமண முனிவர்களின் கற்படுக்கைகளைப் பார்த்துவிட்டு அறிவர் கோயிலுக்கு வாருங்கள். விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, எருமை! ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். கருவறையில் நின்று மெல்ல முனகினால் அறையே ரீங்காரமிடும்.

இதற்குள் மலையேற முடியாத மாமியார் கார்க் கதவைத் திறந்து வைத்து, காற்றாடியும் ரேடியோவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் கார் கிளம்பவில்லை. குழந்தைக்கோ பசி.

உங்கள் வீட்டுக்காரர் உடனே பானெட்டைத் தூக்குவார். (புருஷர்களுக்கு அதில் ஒரு திருப்தி!) நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'டக் டக்' என்று மட்டும் கேட்டு, விளக்கும் மங்கினால் பாட்டரி இறங்கிவிட்டது. ஸ்டார்ட்டர் மும்முரமாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லையா? பாட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். ஆட்டோமாட்டிக் வண்டியில் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருக்க வேண்டும். அதைத் தள்ளிக் கிளப்ப முடியாது. இன்னொரு காரிலிருந்து கேபிள் போட வேண்டியதுதான்.

கையால் கியர் மாற்றும் வண்டியானால் கவலை இல்லை. சாவியைத் திருப்பி வைத்து, இரண்டாவது கியரில் கிளச்சை மிதித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் பின்னாலிருந்து தள்ளட்டும். வேகம் பிடித்ததும் கிளச்சைச் சட்டென்று விடுங்கள். குழந்தைகள் பாதையோரமாகவே நிற்கட்டும்.

கிளம்பிவிட்டதா? புதுக்கோட்டை சேரும்வரை எஞ்சினை அணைக்காதீர்கள், இளநீர்க்காரர் எவ்வளவுதான் கையைக் காட்டினாலும்!