சிகிரியா மலையும் எங்கள் வீட்டுக் கிணறும்



போன மாதம் மகளும் மருமகனும் என்னை இலங்கைக்கு அழைத்துப் போனார்கள். போட்டோக்களைப் பார்த்துவிட்டு "எப்படி சார் ஏறினீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். திருத்தணியில் 365 படி ஏறி வளர்ந்த கால்தான். ஆனால் சிகிரியாவில் படிகள் சுமார் 1,200. மூன்று இடத்தில் உட்கார்ந்து, மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

எனக்குப் பிடித்த இடம் அடிவாரத்திலேயே வந்துவிட்டது. அரண்மனை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பௌத்த பிக்குகள் தங்கிய குகைகள் அங்கே இருக்கின்றன. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் காடி வெட்டி, அதன் கீழே தானம் கொடுத்தவர் பெயரைப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். மதுரைப் பக்கத்துச் சமணர் குகைகளிலும் இப்படித்தான். அந்தப் பாடம் யாருக்காவது நினைவிருக்கிறதா?

இந்த அமைதியான இடத்துக்குத்தான் காசியப்பன் வந்தான். அவன் தந்தை தாதுசேனன், கலாவெவ ஏரியைக் கட்டிய மன்னன். "செல்வம் எங்கே?" என்று மகன் மிரட்டியபோது ஏரிக்கரைக்குப் போய், கையில் தண்ணீரை அள்ளி, தன் செல்வமெல்லாம் இதுதான் என்று காட்டினாராம். சூளவம்சம் சொல்கிறது. அப்படிப்பட்ட தந்தையைக் கொன்றுவிட்டு, பட்டத்துக்கு உரிய சகோதரன் முகலனுக்குப் பயந்து, 180 மீட்டர் உயரப் பாறை மேல் மாளிகை கட்டிக்கொண்டான். தப்பிய முகலன் இந்தியாவுக்கு ஓடிவந்து, 18 வருடம் கழித்துப் படையோடு திரும்பினான். கி.பி. 495இல் காசியப்பன் தோற்று, தன் கத்தியாலேயே உயிரை மாய்த்துக்கொண்டான். முகலன் மலையைப் பிக்குகளிடமே கொடுத்துவிட்டு, தலைநகரை அனுராதபுரத்துக்கு மாற்றினான்.

ஓவியப் பெண்கள், சிங்கப் பாதங்கள் எல்லாம் அழகுதான், போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் மாளிகை இல்லை. செங்கல் அடித்தளம், பாறையில் குடைந்த ஒரு குளம், அவ்வளவுதான். பேரன்கூட "தாத்தா, அரண்மனை எங்கே?" என்றான்.

அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்தபோது எங்கள் கிணறு ஞாபகம் வந்தது. அப்பா வெட்டிய கிணறு. எந்த நாள் யார் மோட்டார் போடுவது என்று தொடங்கிய பேச்சு முற்றி, நானும் என் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. முதலில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டவன் நான். இதைச் சொந்தக்காரர்களிடம்கூட நான் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது அந்தக் கிணற்றில் தண்ணீரே இல்லை, வேப்பங்கன்று முளைத்திருக்கிறது.

தம்பி இந்தப் பக்கமெல்லாம் பார்ப்பதில்லை. அவன் பிள்ளைகள் பார்ப்பார்கள். அப்பாவிடம் காட்டுங்கள், கண்ணுகளா. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்க எப்படியும் திருத்தணி வருவான். சத்திரத்தில் தங்க வேண்டாம். பெட்டியின் சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.