மூணாவது பேட்டரி வாங்காதே

நெரவி,
மாசி, 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுறேன். லீவு முடிஞ்சு பஹ்ரைனுக்குத் திரும்புற நம்ம ஊர் ஆள் கையில இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் குடுத்தனுப்பறேன். போன்ல சொன்னா 'சரி மாமா, சரி மாமா'ன்னு பாதியிலேயே வச்சிடுறே. எழுதிக் குடுத்தா படகுலயாவது பிரிச்சுப் பார்ப்பேன்னுதான்.

உங்கம்மா நல்லா இருக்கா. முழங்கால் வலி மட்டும் விடலை. அந்த வலியோடயே மாசிமகத்துக்குப் பட்டினச்சேரிக் கடற்கரையில வந்து நின்னா. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை நம்ம ஆளுங்க 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டுத் தூக்கிட்டு வந்தப்போ அவ கண்ணு கலங்கிப்போச்சு. உன் நினைப்புதான், வேற என்ன.

வலது எஞ்சின் ஸ்டார்ட் ஆகலை, இடதுக்கும் பேட்டரி இறங்கிடுச்சு, விடியிற வரைக்கும் மிதந்தோம்னு அவகிட்ட சொல்லியிருக்கே. ஏண்டா, அவ செல்ஃப் மோட்டாரைக் கண்டாளா, சொலினாய்டைக் கண்டாளா? இத்தனை வருஷமா டைனமோ கடை வச்சிருக்கிற தாய்மாமன்கிட்ட சொல்லாம, தூக்கம் வராத அம்மாகிட்டயா சொல்றது? ஜனவரி 28ஆம் தேதி நெடுந்தீவுப் பக்கம் இலங்கை நேவி சுட்டு, நம்ம காரைக்கால் போட்ல போன 13 பேரையும் பிடிச்சதுல அஞ்சு பேருக்குக் காயம். அந்தச் செய்தி வந்ததுலேருந்து, கடல்ல எவன் எஞ்சின் நின்னாலும் அவளுக்கு உன் முகம்தான். இங்க இருக்கிறது இலங்கையோட 1974லயும் 1976லயும் காகிதத்துல போட்ட எல்லைக்கோடு. உனக்கு அங்க சவூதி ஒரு பக்கம், கத்தார் ஒரு பக்கம், வடக்கே ஈரான். அங்கேருந்து தொழிலுக்குப் போய் ஈரான்காரங்ககிட்ட பிடிபட்ட தமிழ்நாட்டு ஆளுங்க கதை உனக்கே தெரியும். எஞ்சின் நின்ன படகு எந்தக் கோட்டைத் தாண்டுதுன்னு காத்துதான் முடிவு பண்ணும்.

அதனால ஸ்டார்ட் ஆகலைன்னா மறுபடி சாவியைத் தொடுறதுக்கு முன்னாடி நங்கூரத்தை இறக்கு. வளைகுடா ஆழமில்லாத கடல். சராசரியே 35 மீட்டர்தான், நம்ம கணக்குல இருபது பாகத்துக்குள்ள. கயிறு எட்டும். இருக்கிற பேட்டரியில முதல் பங்கு விஎச்எஃப் ரேடியோவுக்கு, 16ஆம் சேனல்ல கூப்பிட. மிச்சம்தான் செல்ஃப் அடிக்க.

இப்ப உன் வலது எஞ்சினுக்கு வரேன். நேத்து நான் போன்ல கேட்டதுக்கு நீ சொன்னதுல ரெண்டு விஷயம் என்னைத் தூங்கவிடலை. புது பேட்டரி போட்டும் 'டக்'னு ஒரே ஒரு சத்தம், அதோட சரி. மறுநாள் தானா ஸ்டார்ட் ஆகுது. அது ஒண்ணு. இன்னொண்ணை நீ பேச்சோட பேச்சா சொல்லிட்டுப் போயிட்டே: வலதுக்குச் செல்ஃப் அடிக்கும்போது இடது எஞ்சின் மீட்டர்ல முள்ளு துள்ளுதுன்னே. அங்கதான் நோய் இருக்கு, மாப்பிள்ளை.

சாவி திருப்பினா சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், ரிலே, நியூட்ரல் ஸ்விட்ச் பக்கம் பார்க்கணும். கியர் லீவரை லேசா ஆட்டிக்கிட்டே சாவியைத் திருப்பினா சில நேரம் நியூட்ரல் ஸ்விட்ச் தன்னைக் காட்டிக் குடுத்திடும். 'டகடகடக'ன்னு அடிச்சா பேட்டரியில உயிர் இல்லை. செல்ஃப் நல்லாச் சுத்தியும் எஞ்சின் பிடிக்கலைன்னா, கையில கட்டுற சிவப்புக் கயிறு இருக்கே, அந்த கில் ஸ்விட்சை முதல்ல பாரு. உன்னுது இது எதுவும் இல்லை, அதனால மூணாவது பேட்டரி வாங்காதே. ஒத்தை 'டக்'னா சொலினாய்டு இழுத்துடுச்சு, ஆனா பெரிய கரண்ட் போய்ச் சேரலை. சொலினாய்டோட உள் முனையும் கார்பனும்கூட இப்படிப் பண்ணும். ஆனா அது இடது மீட்டரைத் துள்ள வைக்காது.

செல்ஃப் சுத்துறப்போ நூறு நூத்தம்பது ஆம்பியர் ஓடும். எர்த் கேபிள் முனையில பச்சைக் களிம்பு பிடிச்சு, ஒரு ஓமுல அம்பதுல ஒரு பங்கு தடை வந்தாக்கூட அந்த இடத்துலேயே ரெண்டு மூணு வோல்ட் போயிடும். லைட் எரியும், ஹாரன் அடிக்கும், சும்மா மீட்டர் வச்சா 12.6 காட்டும், அதையெல்லாம் நம்பாதே. லைட்டுக்குப் போற கரண்ட் சொட்டு. அறுந்தது போக மிஞ்சின நாலு கம்பியிலேயே அது ஓடிடும்.

வலது எஞ்சினுக்கு எர்த் சரியில்லைன்னா கரண்ட் சும்மா நிக்காது. ரெண்டு எஞ்சினையும் இணைக்கிற ஸ்டீரிங் கம்பி, கியர் கேபிள், மீட்டருக்குப் போற மெல்லிசு கறுப்பு ஒயர்னு கிடைச்ச வழியில இடது எஞ்சின் வழியா பேட்டரிக்குத் திரும்பப் பார்க்கும். முள்ளு துள்ளுறது அதனாலதான். விரல் தண்டிக் கேபிள்ல ஓட வேண்டியது நூல் தண்டி ஒயர்ல ஓடினா அது உருகும். மேல ரப்பர் உருகி உள்ள பொறி தட்டும். நீ இருக்கிறது பெட்ரோல் படகு. மிதந்து கிடக்கிறதைவிட எனக்கு இதுதான் பயம்.

பொட்டலத்துல ஒரு வோல்ட் மீட்டர் இருக்கு. ஒரு முனையை பேட்டரியோட நெகட்டிவ் போஸ்ட் மேல வை. கிளாம்ப் மேல இல்லை, ஈயப் போஸ்ட் மேலேயே வை. இன்னொரு முனையை வலது எஞ்சினோட பெயிண்ட் இல்லாத இடத்துல வை. இன்னொருத்தரைச் சாவி திருப்பச் சொல்லு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கெட்டுப்போச்சு. அதே மாதிரி இடதுலயும் அளந்து பாரு. ரெட்டை எஞ்சின் படகுல இது பெரிய வசதிடா: நல்லா ஓடுற எஞ்சின்தான் உனக்கு வாத்தியார். ரெண்டும் ஒரே மாடல்னா ரிலேயைக்கூட மாத்திப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நேரத்துக்கு ஒண்ணு மட்டும் மாத்து. ரெண்டு மூணைச் சேர்த்து மாத்தினா எது குணமாச்சுன்னே தெரியாம போயிடும். பத்து விநாடிக்கு மேல செல்ஃப் அடிக்காதே. அடிச்சா ரெண்டு நிமிஷம் ஆறவிடு.

ஸ்க்ரூ டிரைவரை வச்சு சொலினாய்டை ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ற வேலை வேண்டவே வேண்டாம். அங்க பல பேர் பண்றாங்கன்னு தெரியும். கியர் விழுந்திருந்தாலும் எஞ்சின் பிடிச்சிடும். பின்னாடி நிக்கிறவன் தண்ணியில விழுந்தா விசிறிக்கிட்டதான் போவான்.

சரி பண்றது கஷ்டமில்லை. முதல்ல ரெண்டு பேட்டரியிலயும் நெகட்டிவைக் கழட்டு, அப்புறம்தான் மத்தது. கேபிளை வெட்டி, செம்பு பளிச்சுன்னு தெரியற இடம் வரைக்கும் போ. கறுத்த செம்பு மேல லக்கு போட்டா ஒரு மாசம்கூடத் தாங்காது. வெள்ளீயம் பூசின லக்கும், உள்ள பசை இருக்கிற ஷ்ரிங்க் ட்யூபும் அனுப்பியிருக்கேன். இறுக்கி முறுக்கின பிறகு மேல க்ரீஸ் பூசு, நடுவுல பூசாதே. ரெண்டு பேட்டரி நெகட்டிவையும் சேர்க்கிற கேபிள் செல்ஃப் கேபிள் அளவுக்குத் தடியா இருக்கணும். உன் படகுல அது இருக்கான்னே எனக்குச் சந்தேகம். இல்லைன்னா படகு முதலாளி அரபாப்கிட்ட கேட்டு வாங்கு. மூணாவது பேட்டரிக்குக் காசு குடுக்கிற மனுஷன் கேபிளுக்கா குடுக்க மாட்டார்?

இடது பேட்டரி இறங்கினது வேற கதை. ராத்திரி வலை போட்டுக் கிடக்கும்போது பேட்டரி ஸ்விட்ச் எங்கே இருந்துச்சுன்னு கேட்டதுக்கு 'ரெண்டும் சேர்ந்து'ன்னே. லைட்டும் ஃபிஷ் ஃபைண்டரும் ரெண்டு பேட்டரியையும் சேர்த்துக் குடிச்சிடுச்சு. இனிமே ஒண்ணைத் தொடாம வை. எஞ்சின் ஓடும்போது ஸ்விட்சை ஆஃப்ல திருப்பிடாதே, சார்ஜிங் டயோடு போயிடும். ஒரு எஞ்சின்லேயே கரைக்கு வர வேண்டியிருந்தா, செத்த எஞ்சினைத் தூக்கி விடு. விசிறி தண்ணியை இழுத்துக்கிட்டே வரக்கூடாது.

இங்க ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சு எல்லாம் துறைமுகத்துல கட்டிடுவாங்க, எனக்கு டைனமோ வேலை குவியும். நீ இருந்தா பாதியை உன் தலையில கட்டியிருப்பேன். உன் கை சுத்தமான கை. அதனாலதான் இவ்வளவும் எழுதுறேன்.

படகை ஓட்டுற நகுதா திட்டுவார்னு மீட்டரை ஒளிச்சு வைக்காதே. அவருக்கும் காட்டிக் குடு, அவர் உயிரும் அதே படகுலதான் இருக்கு. வலது எஞ்சின் எர்த்தைக் கழட்டினதும், துடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை உங்கம்மாவுக்குப் போன் பண்ணு. சாப்பாடு, தூக்கம், சம்பளம் மட்டும் பேசு. எஞ்சின் விஷயத்துக்கு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் மாமா