சுக்குக் காபியில் காபி இல்லை... மாத்தேயில் டீ இல்லை! கெங்குவார்பட்டி டு அர்ஜென்டினா ஒரு பெயர்க்கதை

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில் இருக்கிறது தேனி மாவட்டத்தின் கெங்குவார்பட்டி. கொடைக்கானல் மலைப்பாதை பிரியும் இடம் பக்கத்தில்தான். மலைக்குளிரில் நடுங்கி இறங்குபவர்களுக்கு இதமான பானம் என்றால், அது சுக்குக் காபிதான்!

சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய், கருப்பட்டி. பாரம்பரியப் பக்குவத்தில் அவ்வளவுதான், காபித்தூள் கிடையாது. பிறகு ஏன் 'காபி'? காபி நம் ஊருக்கு வருவதற்கு முன்பே சுக்கு நம் அடுப்பில் கொதித்தது. பின்னால் வந்த காபி பிரபலமானதும், அதன் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

இதேபோல ஒரு கதை தென் அமெரிக்காவிலும் உண்டு. கால்பந்து வீரர் மெஸ்ஸி, உலோகக் குழல் செருகிய ஒரு குடுவையோடு நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது 'யெர்பா மாத்தே'. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'மேட்' என்று படித்துவிடாதீர்கள்!

'யெர்பா' என்றால் ஸ்பானிய மொழியில் மூலிகை. 'மாத்தே' வந்தது கெச்சுவா மொழியின் 'மாத்தி' என்ற சொல்லிலிருந்து. பொருள், சுரைக்குடுக்கை! ஆம், பாத்திரத்தின் பெயரே பானத்துக்கு ஆகிவிட்டது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இதைக் குடித்துவந்த குவாரனி மக்கள் வைத்த பெயர் 'கா-ஆ'. அது இன்று வெளியுலகில் பலருக்கும் தெரியாது.

அங்கே ஒரே குடுக்கை, ஒரே குழல், கூடியிருப்பவர்களிடம் சுற்றிவரும். 'நன்றி' என்று சொன்னால், 'எனக்குப் போதும்' என்று அர்த்தம்.

மாத்தே மரம் 'ஐலெக்ஸ்' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்து மரங்கள் கெங்குவார்பட்டிக்கு மேலே, பழனி மலைச் சோலைக்காடுகளிலும் இருக்கின்றன. ஆனால் அவை வேறு வகை. இலையைப் பறித்துக் கொதிக்கவைக்க வேண்டாம் மக்களே!

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 'மூலிகை டீ' என்ற பெயரில் விற்கும் மாத்தேயில் காஃபின் உண்டு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் யோசிக்காமல் கொடுத்துவிடக் கூடாது. 'காபி' என்று பெயர்கொண்ட நம் சுக்குக் காபியில் காஃபின் இல்லை. சில கடைகளில் காபித்தூள் சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று... 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக எந்தப் பானத்தைக் குடித்தாலும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. மாத்தேயோ, சுக்குக் காபியோ... கொஞ்சம் ஆறட்டும்!