உன்னைத்தானே சொன்னேன்

எங்கள் அப்பாயிக்குப் பாசம் பொங்கினால் வாயில் வரும் முதல் சொல் "சண்டாளா". விடுதியிலிருந்து மெலிந்துபோய் வந்து நின்றால், "அட சண்டாளா, சோறு போடுறாங்களா இல்லையாடா?" சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால், "சண்டாளப் பயலே, கண்ணு எங்கடா போச்சு?" எனக்கு அது திட்டாகவே தெரிந்ததில்லை. அதனால் கல்லூரிக்கு வரும்போது முறுக்கு டப்பாவோடு அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் முறுக்கைத் தின்றவன் சண்டாளன். அசைன்மென்ட்டைக் காப்பியடிக்கத் தராதவன் பெரிய சண்டாளன்.

என் அறைத்தோழன் ஈரோடு பக்கம். பெயர் வேண்டாம். முதல் வருடம் முழுக்க அவனையும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவன் ஒன்றும் சொன்னதில்லை, சிரிப்பான். சிரிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் அவன் உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். (அடுத்தவன் திரையைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி சுகம்.) தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள சாதிகள், ஆங்கில அகர வரிசையில். பாதியில் என் கண் ஒரு வரியில் நின்றது.

"டேய்! சண்டாளான்னே ஒரு சாதி இருக்குடா!" என்று சத்தமாகச் சிரித்தேன்.

அவன் திரும்பவில்லை. "கொஞ்சம் மேல பாரு" என்றான். பார்த்தேன். "அதுல ஒண்ணு எங்களுது. அதையும் உங்கூர்ல திட்டறதுக்குத்தான வெச்சிருக்கீங்க?"

ஆமாம். அந்தப் பெயரும் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. அழுக்குச் சட்டையோடு நின்றால் எங்கள் தெருவில் பிள்ளைகளை அந்தப் பெயர் சொல்லித்தான் அதட்டுவார்கள். அதை ஒரு வசவாக எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அது மனிதர்களின் பெயர் என்பது அன்றைக்குத்தான், அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றபோதுதான் உறைத்தது.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலடா" என்றேன்.

"தெரியும்டா. அந்த அர்த்தத்துல சொல்லியிருந்தா அன்னைக்கே சண்டை போட்டிருப்பேன். இதுக்கு என்ன பண்றது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. கோபத்தில் வரும் சொல்லுக்கு மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறது, பதிலுக்கு ஒன்று சொல்லித் தீர்த்துக்கொள்ளவும் முடியும். எந்த நினைப்பும் இல்லாமல் தினமும் நாலு தடவை வரும் சொல்லை என்ன செய்வது? கேட்பவன்தான் விழுங்க வேண்டியிருக்கிறது. அவன் ஒரு வருடம் விழுங்கியிருக்கிறான்.

பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். சீனத்திலிருந்து வந்த பாஹியானைப் பள்ளிக்கூட வரலாற்றில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். சுமார் 1600 வருடங்களுக்கு முன்பு வந்தவர். ஊருக்கு வெளியே வசித்த சண்டாளர்கள் ஊருக்குள் வரும்போது ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டே வரவேண்டும், மற்றவர்கள் விலகிப்போக அது எச்சரிக்கை என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த மனிதர்களின் பெயர்தான் நம் வாயில் 'இரக்கமில்லாதவன்' என்று பொருள் மாறி நிற்கிறது. யார் யாரிடம் இரக்கமில்லாமல் நடந்தார்கள் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. 2024-ல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் இந்தச் சொல்லைப் பாட்டிலும் மேடையிலும் இழிவாகப் பயன்படுத்தக்கூடாது என்று சொன்னது. அது செய்தியில் வந்தபோது எங்கள் மெஸ்ஸில் எல்லோரும், "இதுக்கெல்லாமா?" என்றார்கள். நானும்தான்.

தமிழில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் பறையர் என்ற பெயரை எடுத்துக்கொண்டு போய்த்தான் ஆங்கிலத்தில் 'பரையா' என்று ஒதுக்கப்பட்டவனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். போன செமஸ்டரில் எங்கள் வகுப்பில் ஒருவர் ஏதோ ஒரு நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று அழகான உச்சரிப்போடு சொல்லிக் கைதட்டு வாங்கினார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

பொங்கல் விடுமுறையில் அப்பாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். பெரிய சீர்திருத்தவாதி மாதிரி பேசியிருப்பேன் போல, அதற்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் யாரைடா சொன்னேன்? உன்னைத்தானே சொன்னேன். என் பேரன நான் சொல்லக்கூடாதா?"

நான் எழுந்து போய்விட்டேன். ராத்திரி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே அதுவாக ஆரம்பித்தது. கல்யாணமாகி ஆறு வருடம் அப்பாயிக்குக் குழந்தை இல்லையாம். இது எனக்குத் தெரியாது. அந்த ஆறு வருடமும் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான். யாரும் சண்டையில் சொன்னதில்லையாம். வெளியூர் ஆள் யாராவது வந்து வழி கேட்டால், "மலடி வூடு தெரியுதா? அதுக்கு நாலு வூடு தள்ளி" என்பார்களாம். "சொன்னவ எல்லாம் எனக்கு வேண்டப்பட்டவதான்டா. அவசரத்துக்கு மோர் வாங்கிட்டுப் போறவதான்" என்றது. அப்புறம் என் பெரியப்பா பிறந்தார். பெயர் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அப்பாயி என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நான் குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்ததும், "அட சண்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, கொஞ்ச நேரம் தேடி, "...பாவி" என்றது. இப்போதும் நாலில் ஒரு தடவை பழையதுதான் வருகிறது. எழுபது வருடத்துப் பழக்கம்.

எனக்குப் பத்தொன்பது வருடத்துப் பழக்கம்தான், இருந்தும் அவ்வளவு லேசாக இல்லை. அறையில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எனக்கு அந்தச் சொல் வந்தால் அவனுக்கு ஒரு டீ. அந்த மாதம் மட்டும் பதினோரு டீ.

அந்தப் பதினோராவது டீயைக் குடிக்கக் கல்லூரி வாசல் கடைக்குப் போயிருந்தோம். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் கூப்பிட்டது காதில் விழவில்லை. "டேய், செவிடாடா நீ? எத்தனை தடவை கூப்பிடறது!" என்று கத்தினான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவர் காதில் மெஷின் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"ஏனுங்ணா, உங்களையில்லீங்ணா... இவனைத்தானுங்ணா சொன்னேன்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸைக் கழுவினார். "ரெண்டு டீயா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.